தேவாரம் என்னும் சொல்லும் அதன் பொருளும்

மூவர் முதலிகள் அருளிய திருப்பதிகங்களை இந்நாளிற் சைவ நன்மக்கள் தேவாரம் என்று வழங்குகின்றனர். திருப்புத்தூர், திருக்கானப்பேர், திருக்கொடுங்குன்றம் என்னும் பாடல்பெற்ற தலங்களைச் சூழவுடைய செட்டிநாட்டிலே, கண்டனூர் முதலிய நகரத்தார் ஊர்களிற் சிறுவரும் அறிந்த சொல் இது. சோழநாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றைப் பெரும்பொருள் செலவிட்டுப் புதுக்கிய மரபினர்க்கு இச்சொல்லின் பொருள் பிறழ உணர்த்தப்படுமாயின், அஃது இரங்கத்தக்கதாம்.

தே என்பது தெய்வம், வாரம் என்பது இசைப்பாட்டு. ஆகலின் தேவாரமாவது தெய்வ இசைப்பாட்டு, கேட்டின்புறுதலே அதன் பயன் என்பர் ஒருசாரார். தேவ ஆரம் எனப் பிரித்துப் பாமாலை என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டும் செவிக்கினியவேயன்றிச் சான்றுக்கு இயைவன அல்ல.

வாரம் இசைத்தமிழ்ச் சொல்லாதல் சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். அதனை மறுப்பார் இலர். ஆயினும், ஒரு சொல் உண்டென்பதுகொண்டு அதுவே பிறிதொரு சொல்லின் உறுப்பாயிற்றெனத் துணிதல் யாங்ஙனம்? பண்டை வழக்கன்றோ சான்றாவது?

அவ்வழக்கு யாதெனின், கூறுதும். 9-ஆம் நூற்றாண்டிற் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் சாசனம் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலிற் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் அமைத்து, ஆள் ஒன்றுக்கு நாடோறும் முக்குருணி நெல் அளந்தான். அவர்கள் தொழிலுக்குச் சாசனம் தந்த பெயர் ‘திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல்’ என்பது. பாட்டைக் குறிக்க வேண்டிய இவ்விடங்களில் தேவாரம் என்னும் சொல் வரவில்லை.

அச்சொல் வருமிடமும் அக்கோயிலிலேயே உளது. ஆதித்தன் சூரியன் என்னும் அதிகாரி எழுந்தருளுவித்த திருமேனிகளைக் கூறும் சாசனம், சந்திரசேகரர் திருமேனியைப் பெரிய பெருமாளுக்குத் ‘தேவாரதேவர்’ என்கின்றது. ஈண்டுப் பாட்டென்று பொருள்கொள்ளின் சொற்றொடர் பொருளற்றதாய் முடியும். வழிபடப்படும் தேவர் என்பதே நேரிய பொருள். மூவர் முதலிகளின் திருமேனிகளையும் அச்சாசனமே கூறுதலின், பதிகமறியாதார் எழுதியது அதுவென்றல் ஒவ்வாது. தேவாராதனை என்பதன் திரிபு இச்சொல் என்பாரும் உளர். திரிபு எங்ஙனமாயினும், வழிபாடு என்னும் பொருள் கல்லில் நின்றது. 12-ஆம் நூற்றாண்டினரான சேக்கிழார் பெருமானும் பதிகம் எனவே பலவிடத்தும் வழங்கினார். இரட்டையரின் ஏகாம்பரநாதருலா முதலிய பிற்கால நூல்களிலேதான் தேவாரம் என்னும் சொல் மூவர் பாடலைச் சார்ந்து வரக் காணலாம். வழிபாட்டின் பெயர், அவ்வழிபாட்டிற்கு உரிய பாட்டிற்கும் பெயராயிற்று என்க.

பொருள் யாதாயின் என்னை, பாட்டுப் பாட்டேயன்றோ எனின், அன்று. பூசைக்காலத்து ஓதுவாரின்றி, ஒலிப்பதிவைப் பொறியில் ஓடவிட்டுத் தேவாரம் நிறைந்தது என்பார் இன்று உளர். கேட்டலே பயன் என்னும் பொருளினின்று விளைந்த கேடு இது. விண்ணப்பிப்பான் ஒருவனின்றி விண்ணப்பம் உண்டோ? பொறிக்கு அன்பு உண்டோ? கற்பார்க்கு ஒலிப்பதிவு பெருந்துணையே. 1943-இற் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கம் பண்ணாராய்ச்சியாற் செய்த தொண்டும் பெரிதே. அச்சங்கத்தைத் தோற்றுவித்த அண்ணாமலைச் செட்டியாரும் இச்செட்டிநாட்டினரே. ஆயினும் அரங்கிற் பாடுதல் வேறு, சந்நிதியில் விண்ணப்பித்தல் வேறு.

ஆதலின் கோபுரத்திற்கும் குடமுழுக்கிற்கும் வாரி வழங்கும் கண்டனூர் முதலிய ஊர்ச் செல்வர்கள், தத்தம் கோயிலில் ஓதுவார் ஒருவர் குடும்பத்தோடு வாழ்தற்குரிய நிலையான ஊதியத்தையும் திருப்பணியாகவே கொள்க. இராசராசன் கல்லால் விமானம் எடுத்ததோடு அமையாது, ஐம்பதின்மர்க்கு நெல்லும் அளந்தான். நெல் அளவாது கல் மட்டும் அடுக்குவார் செய்வது பாதித் திருப்பணியேயாம்.

திருச்சிற்றம்பலம்.