சொல்லாமல் விட்ட விவரம்

காப்பி ஹோட்டலில் போய் உட்கார்ந்து, "ஒரு காப்பி" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். சர்க்கரை போட்ட காப்பிதான் வரும். வேண்டாதவர் அதை வாய் திறந்து சொல்லியாக வேண்டும். நாம் சொல்லாமல் விட்டதற்கும் அங்கே ஓர் அர்த்தம் உண்டு. அதை நிச்சயித்தவர் நாம் அல்ல, ஹோட்டல்காரர்.

நமது மொழியிலும் இந்த வழக்கம் உண்டு. "பால் குடித்தான்" என்கிறோம்; "ஐ" உருபு தொக்கு நிற்கிறது. யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ஆனால், "நாய் துரத்திய பூனை" என்றாலோ, துரத்தியது எது, ஓடியது எது என்ற விவகாரம் கிளம்பிவிடுகிறது. ஆகவே, ஒன்றைச் சொல்லாமல் விடுவதில் தவறில்லை. விட்டதன் பொருள் இரு தரப்பாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதே விவகாரம் சமீபத்தில் நமது நண்பர் ஒருவரின் கணினியில் கிளம்பிற்று. அவர் தமது தெருவிலுள்ள மாதர் சேமிப்புக் குழுவின் கணக்கை எக்ஸெல் விரிதாளில் எழுதி வருகிறார். கூட்டலுக்கும் சராசரிக்கும் சூத்திரங்கள் அதில் தயாராகவே இருக்கின்றன. போதாதவற்றை நாமே எழுதிக்கொள்ள, 1993-ஆம் வருஷத்துப் பதிப்பிலிருந்து விஷுவல் பேஸிக் என்னும் கணினி மொழியும் உடன் வருகிறது. நண்பர் அதில் "வட்டி" என்று ஒரு சூத்திரம் இயற்றினார். அசல், மாதம், விகிதம் என்று மூன்று விவரங்கள். குழுவில் எல்லோருக்கும் ஒரு வட்டிதானே, ஒவ்வொரு தடவையும் எதற்காகச் சொல்ல வேண்டும் என்று கருதி, விகிதத்திற்கு முன்னால் "ஆப்ஷனல்" என்ற சொல்லைச் சேர்த்தார். அதாவது, சொன்னாலும் சொல்லலாம், விட்டாலும் விடலாம். இத்தகைய விவரங்கள் வரிசையின் கடைசியில்தான் வர வேண்டும் என்பது அம்மொழியின் விதி, அதையும் அனுசரித்தார்.

விகிதம் விடப்பட்டிருக்கிறதா என்று அறிய "இஸ்மிஸ்ஸிங்" என்றொரு கேள்வி உண்டு. விடப்பட்டிருந்தால் 1 என்று கொள்க என எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். காலையில் பார்த்தால் எல்லோருக்கும் வட்டி பூஜ்யம்! காரணம் இதுதான்: விகிதம் "டபிள்" என்னும் எண் வகையைச் சேர்ந்தது என்று அவர் அறிவித்திருந்தார். அப்படி அறிவித்த விவரத்தை விட்டுவிட்டால், அந்த இடத்தில் தானாகவே 0 வந்து உட்கார்ந்துகொள்ளும். "வேரியன்ட்" என்னும் பொதுவகையாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கும். அல்லது, அறிவிக்கும் வரியிலேயே "= 1" என்று எழுதிவிடலாம். நண்பர் அவ்வாறே எழுதினார். வட்டி சரியாக வந்தது.

ஆனால் உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான் வந்தது. குழு கூடி வட்டியை முக்கால் ரூபாயாகக் குறைத்தது. சூத்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? பதினாயிரம் ரூபாய் கடன் வாங்கிய பூக்கார அம்மாளுக்கு ஆறு மாதத்துக்கு ரூ. 450 வர வேண்டியிருக்க, ரூ. 600 என்று தாளில் வந்தது. அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஐயா, முக்கால் வட்டின்னுதானே கூட்டத்திலே பேசினீங்க?" என்று கேட்டபோதுதான் நண்பருக்கு விஷயம் விளங்கிற்று. பூஜ்யம் வந்தபோது தவறு தானே வெளிப்பட்டது. 600 என்பதோ பார்வைக்கு யோக்கியமான எண். அது கேட்பாரில்லாமல் போய்விடக் கூடியது.

நண்பரை மட்டும் குறை சொல்வானேன்? எக்ஸெலிலேயே "விலுக்கப்" என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அட்டவணையில் ஒன்றைத் தேடிக் கொடுப்பது அதன் தொழில். நான்காவது விவரத்தை விட்டுவிட்டால், "ஏறுவரிசையில் அடுக்கியிருக்கிறது, ஏறக்குறைய ஒத்திருந்தால் போதும்" என்று அது எண்ணிக்கொள்கிறது. வரிசை மாறியிருந்தால் சத்தமில்லாமல் வேறொருவர் கணக்கை எடுத்து நீட்டக்கூடும். 2019-இல் அறிமுகமான "எக்ஸ்லுக்கப்" என்ற சூத்திரத்திலோ, சொல்லாவிட்டால் முற்றிலும் ஒத்ததையே தேடும்படி வைத்திருக்கிறார்கள். மௌனத்தின் பொருளைச் செய்தவர்களே மாற்றிவிட்டார்கள்!

நாம் அறிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். மௌனத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் விவரத்தை விருப்பத்துக்கு விடலாம். பிறர் பணமும், கூட்டம்தோறும் மாறக்கூடிய முடிவும் அதில் அடங்கியிருந்தால், கேட்டே வாங்க வேண்டும்.

நண்பர் இப்போது விகிதத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்; சொல்ல மறந்தால் கட்டத்தில் பிழைக் குறி தோன்றுகிறது. காசைத் தசமத்தில் எத்தனை இடம் வரை காட்டுவது என்பதை மட்டும் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். பூக்கார அம்மாளோ இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணிப் பார்க்கிறாள். அந்த வழக்கத்தை அவள் விட வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம்.