கீரிமலைக் கல்லும் எமது கடமையும்

ஒரு நாட்டின் தொன்மையைக் கூறப் புகுவோர் ஏடுகளையும் கல்வெட்டுக்களையும் கோயில்களையும் சான்றாக எடுத்துக்காட்டுதல் வழக்கம். யாழ்ப்பாணத்தின் தொன்மையைப் பேசும் நாமும் அந்நெறியே செல்கின்றோம். நல்லூரிலிருந்து அரசோச்சிய மன்னரோடு எமது பேச்சுத் தொடங்கும். சற்று ஆழ்ந்து நோக்குவோர் கந்தரோடையிலே கிடைத்த தொல்பொருள்களைக் காட்டி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு அப்பாலும் செல்வர். ஆயினும், அவ்வரசும் அவ்வூரும் எந்தக் கல்லின்மீது நின்றனவோ அந்தக் கல்லின் வயதை வினவுவார் எம்மிடையே அரியர். எமது வடகரையின் சுண்ணாம்புக்கல் ஒரு பெரும் வரலாற்று நூல். அதனை ஒருமுறையேனும் படியாமல், சுட்டுச் சுண்ணாம்பாக்கியும் அரைத்துச் சீமெந்தாக்கியும் வந்திருக்கின்றோம். எஞ்சியிருப்பதையாவது பேணிப் படித்தல் வேண்டும் என்பதை இவ்விழா மலர் வாயிலாக வற்புறுத்த விரும்புகின்றோம்.

தமிழாசிரியருக்குக் கல்லோடு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடையாக எமது குற்றம் ஒன்றனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பயிற்சிக் கலாசாலையினின்றும் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், கரையோரப் பாடசாலை ஒன்றிலே இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்தோம். வேற்றுமைப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் ஏதோ ஒரு பொருளை அயலவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வாங்கிப் பார்த்தோம்; கைப்பிடியளவான கல். அதன் ஒரு புறத்திலே சிப்பியின் வரிகள் அச்சிட்டாற்போற் பதிந்திருந்தன. "சேர், இது கிணறு வெட்டின இடத்திலை கிடந்தது. கடல் அங்கை இல்லையே, சிப்பி எப்பிடி வந்தது?" என்று அவன் கேட்டான். விடை எமக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் துணிவும் அன்று எமக்கில்லை. பாடவேளையிற் கல்லோடு விளையாடுவதா என்று கடிந்து, அதனை யன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டோம். இடைவேளையில் அவன் புல்லுக்குள்ளே அதனைத் தேடிக்கொண்டு நின்றதையும் கண்டோம். அவன் பின்னர் எம்மிடம் எதனையும் கேட்டதில்லை.

சில ஆண்டுகளின் பின், புவியியலாசிரியரான நண்பர் ஒருவருடன் ஆடி அமாவாசைக்குக் கீரிமலை சென்றபோது, கடலலை அரித்து நிற்கும் பாறையிலே அதே வரிகளைக் கண்டோம். அம்மாணவனின் கேள்விக்கு விடையை அன்றுதான் நண்பர் வாயிலாகக் கற்றோம். அதன்பின் தேடிக் கற்றவற்றுட் சிலவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இலங்கையின் நிலப்பரப்பிலே ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குப் பாறைகளாலானது. அப்பாறைகள் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றிலே உயிர்ச்சுவடுகளைக் காணல் அரிது. தப்போவை, அண்டிகமை முதலிய சிற்றிடங்களிலே யுறாசிக் காலத் தாவரச் சுவடுகள் உள்ளன. தென்கிழக்கிலே மினிகாகல்கந்தையிலும் கடல்வாழ் உயிர்களின் சுவடுகள் கொண்ட சிறு பகுதியொன்று உண்டு. ஆனால் புத்தளத்திலிருந்து வடமேற்குக் கரையோரமாகச் சென்று யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதையும் தாங்கி நிற்கும் சுண்ணாம்புக்கற் படையே இவ்வகையில் இந்நாட்டின் பெருஞ்செல்வம். புவிச்சரிதவியலார் இதனை மயோசீன் காலத்தது என்பர். ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று எமது வீடுகளும் வெங்காயத் தோட்டங்களும் உள்ள இடம் ஆழமற்ற, வெதுவெதுப்பான, தெளிந்த கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த முருகைகளும் சிப்பிகளும் சங்குகளும் கடல்முள்ளிகளும் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர்களும் மாண்டு, அவற்றின் ஓடுகள் அடியிலே படிந்து, படையின்மேற் படையாய் இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்து கடல் விலகியது. கிணறு வெட்டிய இடத்திலே சிப்பி வந்த கதை இதுவே.

இக்கல்லிலுள்ள உயிர்ச்சுவடுகளை முறையாக ஆராய்ந்து வெளியிட்டவர்கள், அன்றைய இலங்கையின் கனிப்பொருளியல் அதிகாரி வேலன்டும் அறிஞர் மோளி டேவிசும் ஆவர். அவர்களது கட்டுரை 1923ஆம் ஆண்டு இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையிலே வெளிவந்தது. கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகலவும் இந்நாட்டு மயோசீன் காலத்து விலங்குகளின் சுவடுகளை ஆராய்ந்து எழுதியவர். போராமினிபெரா எனப்படும் சிற்றுயிர்களுள் ஒன்று எமது கல்லிலே காணப்படுகின்றது. வட்டு வடிவினதாய்ச் சில மில்லிமீற்றர் அகலமேயுள்ள அவ்வுயிருக்கு அறிஞர் மலபாரிக்கா என்னும் அடைமொழியோடு பெயரிட்டுள்ளனர். கேரளத்துக் கொல்லத்தை அடுத்த சுண்ணாம்புக்கல்லிலும் அதே உயிரின் ஓடு கிடைக்கின்றது. இரு பாறைகளும் ஒரே காலத்தன என்று அறிஞர் துணிந்தமைக்கு அச்சிற்றோடு பெருஞ்சான்றாயிற்று. சேர நாட்டுக்கும் ஈழத்துக்கும் உள்ள உறவைச் சொல்லாலும் வழக்காலும் ஆராய்ந்து மகிழும் எமக்கு, மாந்தர் தோன்றுமுன்பே இரு கரைகளையும் நனைத்த கடலிலே ஓருயிர் வாழ்ந்தது என்னும் செய்தி வியப்பளிக்கின்றது.

இக்கல்லின் பெருமை இறந்தகாலத்தோடு முடிவதன்று. குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். வாடைப் பருவத்திலே பெய்யும் மழைநீர் இக்கல்லின் வெடிப்புக்களினூடாகவும் பொந்துகளினூடாகவும் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரங் குறைந்ததாகலின், நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்குமேல் 1 அடி உயர்ந்திருக்குமாயின், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது விதி. மேலே 1 அடி குறையின் கீழே 40 அடி உவராகும் என்பதையும் இதனால் உணர்ந்துகொள்ளலாம். எம் முன்னோர் துலாவினாலே இறைத்ததும், செம்மண்ணிலே புகையிலையும் மரவள்ளியும் விளைவித்ததும் இந்நீரினாலேயே. கடலருகே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும், மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் கொண்ட நிலாவரைக் கிணறும் இக்கல்லின் செயல்களே. நகுல முனிவர் கதையையும் இராமர் அம்பெய்த கதையையும் நாம் இகழ்வதில்லை. இவ்விடங்கள் வியத்தற்குரியன என்பதை எம் முன்னோர் கண்டு கூறிய முறை அது. ஆனால் அக்கதைகளை மாத்திரம் கேட்டு, கல்லின் கதையைக் கேளாது விடுதல் அரைக் கல்வியாகும்.

இனிக் குறைக்கு வருவோம். கல்லைப் பயன்படுத்துதல் குற்றமென்று நாம் கூறவில்லை. சூளையிற் சுட்ட சுண்ணாம்பாலேயே எமது நாற்சார் வீடுகள் எழுந்தன. நெடுந்தீவிலே முருகைக்கற்களை அடுக்கிய வேலிகள் இன்றும் காண்போரைக் கவர்கின்றன. கையாலும் அலவாங்காலும் எடுத்தது ஓர் அளவோடு நின்றது. 1950ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையிற் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின் அவ்வளவு மாறியது. அவ்வாலை பல குடும்பங்களுக்குச் சோறளித்தது. அதனால் எமது ஊர் பெருமையும் அடைந்தது. இவற்றை மறுப்பது நன்றியின்மையாகும். ஆனால் 1990ஆம் ஆண்டிலே அது நின்றபோது, எஞ்சியவை பெருங்குழிகளே. அங்கிருந்து எடுத்த கல்லிலே என்னென்ன சுவடுகள் இருந்தன என்பதை அறிய, எமது பிள்ளைகள் சென்று பார்க்கத்தக்க ஒரு சிறு காட்சிச்சாலைதானும் குடாநாட்டில் எழவில்லை. தெற்கே அறுவைக்காட்டிலும் புத்தளத்துச் சீமெந்துக்காக இதே காலத்துக் கல் அகழப்பட்டது.

அதே 1990ஆம் ஆண்டின் பின் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி பாதுகாப்பு வலயமாயிற்று. அவ்வூரவர் சிதறினர். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கரையைக் காணாமலே வளர்ந்தனர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் நிலம் பகுதி பகுதியாக மீண்டது. மீண்டவர்கள் வீடு கட்டவேண்டும். வீடு கட்டக் கல் வேண்டும். "இருக்க இடமில்லாதவனிடம் போய்ச் சிப்பியின் சுவட்டைப் பேணு என்பது தகுமோ?" என்று ஒருவர் எம்மைக் கேட்டார். நேரிய கேள்வி. கட்டுதலை நிறுத்துமாறு நாம் கேட்கவில்லை. எங்கே அகழலாம், எங்கே ஆகாது என்பதை ஆராய்ந்து வரையறுத்து, கரையோரத்திலே படிக்கத்தக்க சில இடங்களை மாத்திரம் தொடாது விடுமாறே கேட்கின்றோம். வீடு கட்டுவோனுக்குக் கிணறும் வேண்டுமன்றோ? கரையருகே கல்லை ஆழ அகழ்ந்தால் நன்னீரைத் தாங்கும் பாத்திரமே உடைந்து, உவர் உள்ளே வரும். ஆகவே, கல்லைப் பேணுதலும் குடிநீரைப் பேணுதலும் ஒரே கடமையின் இரு கூறுகளாகும்.

இதனைப் பிற நாட்டார் எவ்வாறு செய்தனர் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இங்கிலாந்தின் தென்கரையிலே லைம் றீஜிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த தச்சர் ஒருவரின் மகள் மேரி அனிங். தந்தை 1810இல் இறக்க, வறுமையால் அவளும் தமையனும் கடற்கரைச் சுவடுகளைப் பொறுக்கி விற்றனர். 1811இலும் 1812இலும் மீன்வடிவான பெரும் ஊர்வனவொன்றின் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தனர். 1823இலே மேரி நீள்கழுத்துக் கடல் ஊர்வனவொன்றின் முழுக்கூட்டையும் கண்டாள். முறையான உயர்கல்வி அவளுக்கில்லை. பெண்ணாதலின் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்திலே சேரும் உரிமையும் இல்லை. அச்சிறுமி நடந்த கரை, டோசெற் முதல் கிழக்கு டெவன் வரை ஏறத்தாழ 95 மைல் நீளத்துக்கு, 2001ஆம் ஆண்டிலே உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அக்கரையின் மேற்குப் பகுதியிலே கடலரிப்பால் விழுந்தவற்றைப் பொறுக்கலாம். செங்குத்துப் பாறையைத் தோண்டுதல் ஆகாது. அரியது கிடைப்பின் பதிதல் வேண்டும் என ஒழுங்கு செய்துள்ளனர். மக்களைக் கரையிலிருந்து விலக்காது, அவர்களையே காவலராக்கிய அறிவுடைமையை நாமும் மேற்கொள்ளலாம்.

சைவ வைணவ மரபினர்க்குக் கல்லிலே உயிர்ச்சுவட்டைக் காண்பது புதிதன்று. கண்டகி நதியிலிருந்து வரும் சாளக்கிராமங்கள் பண்டைக் கடலுயிரின் சுருளோட்டுச் சுவடுகளே. அவற்றைப் பூசையறையிலே போற்றும் நாம், எமது முற்றத்துக் கல்லைக் காலால் எற்றுவது பொருந்துமா?

எமது வேண்டுகோள்கள் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. கீரிமலைக் கரையிலும் கைவிடப்பட்ட அகழ்குழிகளுள் ஒன்றன் சுவரிலும், படைகள் நன்கு புலப்படும் ஒவ்வோர் இடத்தைப் புவிச்சரிதவியலார் துணையோடு தெரிந்து, அங்கே தமிழிலே விளக்கப்பலகை நாட்டுதல் வேண்டும். ஒவ்வொரு பாடசாலையும் உள்ளூர்க் கற்களுக்கென ஓர் அலுமாரி வைத்து, கல் கிடைத்த ஊரையும் ஆழத்தையும் திகதியையும் எழுதிவைத்தல் வேண்டும். கிணறு வெட்டுவோர் கண்டதைப் பாடசாலையிற் கொண்டுவந்து காட்டும் வழக்கத்தை உண்டாக்கல் வேண்டும். பொறியியலாளராயும் நில அளவையாளராயும் ஆசிரியராயும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சிறந்து விளங்கும் எமது பழைய மாணவர் இவற்றை முன்னின்று செய்யலாம். விழாக்காலத்திலே மண்டபங்களும் வாயில்களும் எழுப்புகின்றோம், அவை வேண்டியனவே. இவ்விழாவின் நினைவாகக் கல்லூரியில் முதல் அலுமாரி எழுமாயின், ஏனைய பாடசாலைகளும் பின்பற்றும்.

அம்மாணவன் இன்று எங்குள்ளான் என்பதை அறியோம். அவனது கல்லை அவன் புல்லிலே கண்டெடுத்தானோ என்பதும் தெரியாது. அந்த அலுமாரியிலே வைப்பதற்குரிய முதற் கல்லை நாம் எறிந்துவிட்டோம். இனி வரும் மாணவன் ஒருவன் கல்லொன்றைக் கையிலேந்தி வந்து வினவும்போது, அதனை வாங்கி வைத்து, "வா, படிப்போம்" என்று கூறும் ஆசிரியர் எமது பாடசாலைதோறும் இருத்தல் வேண்டும் என்பதே எமது வேணவா.