ஓதிப் பார்த்தும் தீராத வயிற்று வலி

 

ஈராண்டுகளுக்கு முன் ஒரு நாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், ஒரு தந்தை தம் மகனை அழைத்துவந்து என் முன் அமர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொள்வான், உண்டதை வாந்தியெடுப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வலி இருப்பதில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் குடலில் குறையொன்றும் இல்லை என்று கூறிவிட்டார். "கண்ணேறாக இருக்குமோ ஹஜ்ரத்? கொஞ்சம் ஓதிப் பாருங்கள்" என்றார் தந்தை.

ஓதினேன். தண்ணீரும் ஓதிக் கொடுத்தேன். அத்துடன் நில்லாமல், "ஈமான் உறுதியாக இருந்தால் அச்சம் எப்படி வரும் தம்பி?" என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். அவன் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவனோ ஐவேளையும் தவறாமல் தொழுகிறவன். அன்று வயிற்று வலியோடு 'எனக்கு ஈமானும் குறைவு போலும்' என்னும் புதிய கவலையையும் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறான். பிற்பாடு அவனே சொல்லித்தான் இதை அறிந்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யஃகூப் நபி (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப் போனார்கள் என்று திருமறையின் யூசுஃப் அத்தியாயம் கூறுகிறது. அவர்களுக்கா ஈமான் குறைவு? கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடிய துஆ புகாரியில் உள்ளது. அதைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நானே அதன் பொருளை மறந்திருந்தேன்.

வகுப்பாசிரியை ஒருவர்தாம் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அழைத்துச் செல்லுமாறு கூறினார். வீட்டில் பெரும் அமளி. நம் ஊர்களில் 'கீழ்ப்பாக்கம்' என்பதே வசைச்சொல்லாகிவிட்டதல்லவா? "மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் இது வெளியே தெரிந்தால் என்னாவது?" என்று தாய் அழுதார். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்; நம் மஹல்லாக்களின் வாய் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆனால் சிகிச்சைக்கு வருபவரின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது.

அங்கே அவனுக்கு மாத்திரை எதுவும் தரவில்லை. உளவியலாளர் ஒருவர் வாரம் ஒரு முறை, ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அவனோடு பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டார் என்பதே பொருத்தம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். வலி வரும்போது என்ன நடந்துகொண்டிருந்தது, அந்த நொடியில் மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, அது உண்மை என்பதற்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று எழுத வேண்டும். அவன் எழுதிய முதல் எண்ணம் இது: 'நான் தவறினால் அத்தாவின் வாழ்க்கையே வீண்.' சான்று என்னும் பத்தியில் அவனால் ஒரு வரியும் எழுத முடியவில்லையாம். எதிர்ப்பக்கத்தில், பத்தாம் வகுப்பில் மாதத் தேர்வொன்றில் தவறியதும், அன்றிரவு அத்தா பரோட்டா வாங்கிவந்ததும் நினைவுக்கு வந்தன.

அடுத்து, அஞ்சியதைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்தார். பழைய வினாத்தாளை வைத்து முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி, பின்னர் மூன்று மணி நேரமும் அமர்ந்து எழுதுவது. படபடப்பு எழும்போது மூச்சை மெதுவாக விடுவது. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை உம்மாவிடம் கொடுத்துவிடுவது. தொழுகையையோ ஓதலையோ விடுமாறு அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

இது வேற்றார் சரக்கு என்று முகஞ்சுளிப்போருக்கு ஒரு செய்தி. பல்கு பகுதியில் பிறந்த அபூஸைத் அல்பல்கீ (கி.பி. 850–934) உடல், உள்ளம் இரண்டின் நலனையும் பற்றி ஒரு நூல் எழுதினார். உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னார். உடல் நலமாக உள்ளபோதே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக உள்ள நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்றார். 1960களில் அமெரிக்காவில் ஆரோன் பெக் உருவாக்கிய சிகிச்சை முறைக்கு நெருக்கமானது இது என்பதை, சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி 2013இல் வெளியான தம் ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்துக்காட்டினார். நம் முன்னோர் எல்லாம் சொல்லிவிட்டார்கள் என்று மார்தட்ட இதை எழுதவில்லை. மார்தட்டிய நாம் அந்நூலைத் திறந்தும் பார்க்கவில்லை என்பதற்காகவே எழுதுகிறேன்.

நான்காம் வாரம் தந்தையையும் வரச் சொன்னார்கள். பதினோர் ஆண்டுகள் வளைகுடாவில் வண்டி ஓட்டித் திரும்பியவர். இப்போது பகலில் கடையிலும் இரவில் கிடங்கிலுமாக வேலை. சோற்றுக்கு அமரும்போதெல்லாம், "எவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன் தெரியுமா?" என்பார். மகனுக்கு ஊக்கம் கொடுப்பதாகவே எண்ணியிருக்கிறார். அன்று அங்கே அமர்ந்திருந்தபோதுதான் தமக்கும் பல மாதங்களாக உறக்கமில்லை, நெஞ்சு அடிக்கடி படபடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மகனுக்கு எட்டு அமர்வுகளில் முடிந்தது. தந்தை இன்னும் மாதம் ஒரு முறை போய்வருகிறார். அவருக்கு மருத்துவர் மாத்திரையும் எழுதியிருக்கிறார். பையனுக்கு வலி முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை. பொதுத் தேர்வின் முதல் நாளும் வந்ததாம். வந்த வலியோடு போய் எழுதினான்.

எல்லா மனக்கவலைக்கும் சிகிச்சை வேண்டியதில்லை. தேர்வுக்கு முன் எவருக்கும் கலக்கம் வரும். வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெட்டு, பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத நிலை வந்தால் காலந்தாழ்த்த வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். நம்மிடம் ஓதிக்கொள்ள வருவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையில் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். நேரில் போவோர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தெந்த நாள்களில் இயங்குகிறது என்று முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிநோயாளிச் சீட்டு காலையிலேயே கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.