துணிக்கு 5, தைத்தால் 18

மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் தாக்கல் செய்ய வரும் நாளில், வரி விகிதங்களுக்கு முன்பாகவே அவர் உடுத்திவரும் கைத்தறிச் சேலை செய்தியாகிவிடுகிறது. எந்த மாநிலத்து நெசவு, என்ன நிறம் என்றெல்லாம் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால், அவரது தலைமையிலான ஜி.எஸ்.டி. கவுன்சில் 2025 செப்டம்பரில் எடுத்த முடிவு, பணிக்குச் செல்லும் பெண்களின் ஆடையை எப்படிப் பாதிக்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

அம்முடிவின்படி, 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு 5 சதவீத வரி. முன்பு இச்சலுகை ஆயிரம் ரூபாய் வரை மட்டுமே இருந்தது என்பதால் இது வரவேற்கத்தக்கதே. அதே நேரத்தில், 2,500 ரூபாயைத் தாண்டும் ஆடைகளுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்துவிட்டது. 2,400 ரூபாய் ஆடைக்கு வரி 120 ரூபாய். 2,600 ரூபாய் ஆடைக்கோ 468 ரூபாய். தைக்காத துணிக்கு மட்டும் 5 சதவீதம்தான்.

இருநூறு ரூபாய் வித்தியாசத்தில் என்ன ஆடம்பரம் வந்துவிடும்?

தில்லியில் 2000-ம் ஆண்டு முதலாவது இந்திய ஃபேஷன் வாரம் நடைபெற்ற காலம் தொட்டே, ஆடை வடிவமைப்பாளர் என்றால் லட்சக்கணக்கான ரூபாய்க்குத் திருமண ஆடை தைப்பவர் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. அது முழு உண்மையல்ல. காலையில் சமையலை முடித்து, நெரிசலில் பேருந்தேறி, நாள் முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு, மாலையில் காய்கறி வாங்கித் திரும்பும் பெண்ணுக்குக் கசங்காத, வீட்டிலேயே துவைக்கக்கூடிய, அதே நேரத்தில் மதிப்பாகவும் தோன்றும் ஆடை தேவை. இதை உணர்ந்த வடிவமைப்பாளர்கள் ஆசியாவில் பலர் உண்டு. ஜப்பானின் இஸ்ஸி மியாகே, சுருட்டி வைத்தாலும் கசங்காத மடிப்பு ஆடைகளை 1993-ல் தனி வரிசையாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தார். மும்பையின் அனிதா டோங்ரே, பணிபுரியும் பெண்களை மனதில் கொண்டு 1995-ல் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். மணீஷ் மல்ஹோத்ரா வடிவமைத்து ஏர் இந்தியா 2023 டிசம்பரில் வெளியிட்ட சீருடையில், எளிதில் உடுத்தும் சேலையை விரும்பினால் கால்சட்டையுடன் அணிந்துகொள்ளலாம். பல பத்தாண்டுகளாகச் சேலையையே அடையாளமாகக் கொண்டிருந்த நிறுவனம் அது.

(சட்டைப்பை விஷயத்தில் மட்டும் முன்னேற்றம் போதாது. ஆண்களுக்குக் கேளாமலே பை வைக்கப்படுகிறது. பெண்கள் கேட்டு வாங்கினாலும் அதில் கைப்பேசி நுழைவதில்லை.)

இத்தகைய ஆடையைக் கைத்தறித் துணியில் தைத்தால், துணி, உள்துணி, தையல் கூலி எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாயைத் தாண்டுவது அரிதல்ல. விசைத்தறியில் நெய்த செயற்கை இழை ஆடை அந்த வரம்புக்குள் எளிதாக அடங்கிவிடுகிறது. 2019-20 கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். ஆக, நெய்பவரும் பெண், அணிபவரும் பெண். நடுவில் நிற்பது வரி.

வடிவமைப்பாளர்கள் மீதும் குறை சொல்ல இடமுண்டு. இந்திய உடல்வாகுக்கான அளவுப் பட்டியலைத் தயாரிக்க, சுமார் 25 ஆயிரம் பேரை அளவெடுக்கும் திட்டத்தைத் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் (நிஃப்ட்) மேற்கொண்டது. அதுவரை பல நிறுவனங்கள் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளை வைத்தே காலம் தள்ளிவந்தன. பொருந்தாத ஆடையைத் திருத்த மீண்டும் தையற்காரரிடம் ஓடுவதற்குப் பெயர் ஆயத்த ஆடையா?

கைத்தறி ஆடையை அடையாளம் காண்பது கடினம் என்று அரசு சொல்ல முடியாது. 2006 முதலே கைத்தறி முத்திரை நடைமுறையில் உள்ளது. அம்முத்திரை பெற்ற துணியில் தைக்கப்பட்ட ஆடைகளுக்கு, குறைந்தபட்சம் 5 ஆயிரம் ரூபாய் வரையிலாவது, 5 சதவீத வரியே போதும் என ஜவுளித் துறை அமைச்சகம் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குப் பரிந்துரைக்க வேண்டும். 2024 தேர்தலில் மக்களவைக்கு 74 பெண்கள் தேர்வாயினர். ஜவுளித் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, அவர்களில் சிலராவது கட்சி பேதமின்றி இதை எழுப்பலாம்.