சால்மனும் சரிவு நிலமும்

ஓர் ஆற்றில் மீன்வளம் குன்றினால், குஞ்சுகளை வளர்த்து அதில் விட்டால் போதும் என்பது பரவலாக நிலவும் எண்ணம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வடகடற்கரையில் பாயும் மட்டோல் ஆற்றங்கரை மக்களும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினர். ஆறு அவர்களுக்கு வேறு பாடம் கற்பித்தது.

சால்மன், நன்னீரில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஓடையின் மணமறிந்து அங்கேயே மீளும் மீன். பெண்மீன் வாலால் பரற்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும். மட்டோலுக்கு வரும் சினூக், கோஹோ வகைகள் அதன்பின் இறந்துபோகும். கல்லிடுக்குகளில் புகுந்தோடும் நீரே முட்டைகளுக்கு உயிர்வளி தருகிறது. இடுக்குகளில் நுண்மண் அடைத்துக்கொண்டால் முட்டைகள் மூச்சற்று மடியும்.

மட்டோலில் நிகழ்ந்தது அதுவே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அதன் மலைக்காடுகள் விரைந்து வெட்டப்பட்டன. மரம் இழுக்கச் சரிவெங்கும் பாதைகள் கீறப்பட்டன. 1955, 1964ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் அம்மண்ணை வாரி ஆற்றில் கொட்டின. மடுக்கள் தூர்ந்தன, கரைமரங்களின் நிழலிழந்து நீர் வெப்பமுற்றது.

1980 அளவில் அப்பள்ளத்தாக்கு மக்கள் சிலர் ஒன்றுகூடினர். அவர்களுள் பெரும்பாலோர் மீனியல் வல்லுநர் அல்லர். மழைக்கால இரவுகளில் குளிர்நீரில் இறங்கி, திரும்பிவந்த மீன்களைப் பிடித்து முட்டைகளைச் சேகரித்தனர். ஓடைக்கரையில் பரல் நிரப்பிய பெட்டிகளில் வைத்து, வடிகட்டிய ஓடைநீரைப் பாய்ச்சிப் பொரிக்கச் செய்தனர். வெளியூர்ப் பண்ணைக் குஞ்சுகளைக் கொணர்ந்திருந்தால் உழைப்புக் குறைந்திருக்கும்; மட்டோலுக்கே உரிய இனம் கலந்து கெட்டிருக்கும். பள்ளிப் பிள்ளைகளும் குஞ்சுகளை ஆற்றில் விட்டனர். ஆயினும், மலைமண் சரிந்துகொண்டிருக்கும்வரை பெட்டியில் பிழைத்த மீனுக்கு ஆற்றில் இடமில்லை என்பது தெளிவாயிற்று.

அதன்பின் பணி மலைக்கு ஏறியது. மண்ணரிப்பு நேரும் இடங்களைக் கணக்கெடுத்தனர், கைவிடப்பட்ட பாதைகளைச் சீர்செய்தனர், மரம் நட்டனர். மலைச்சரிவின் பெரும்பகுதி தனியார் நிலம். கட்டுப்பாடுகள் வருமென அஞ்சிய கால்நடைப் பண்ணையாளரும், காடு காக்க விழைந்தோரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர். முட்டை பொரிப்பதினும் அவர்களை ஒரே மேசையில் அமர்த்துவதே அரிய செயல். சட்டம் மரம் வெட்டுவதைத் தடுக்கலாம்; அடுத்தவர் நிலத்து அரிபள்ளத்தை மூட அவரது மனம் இசைய வேண்டும். அவ்விசைவை வெளியிலிருந்து வரும் அலுவலரைவிட அண்டை வீட்டாரே எளிதிற் பெறுவர்.

இத்தனைக்குப் பின்னும் மீன்கள் பழைய அளவில் பெருகவில்லை. 1997இல் அப்பகுதியின் கோஹோ சால்மன், அழிவை நெருங்கும் இனமாகப் பட்டியலிடப்பட்டது. ஆகவே இம்முயற்சி வீண் எனச் சிலர் கூறக்கூடும். அது பொருந்தாத கணக்கு. கோஹோவின் வாழ்நாள் ஏறத்தாழ மூன்றாண்டு. ஆற்றில் தேங்கிய மண் கடல்சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய காடு முதிர்ந்து நிழல்தர அதனினும் மிகுதியாகும். மீன் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அப்பணியை அளப்பது, நாற்று நட்ட மறுநாளே நெல்லைத் தேடுவது போன்றது.

மழைக்காலந்தோறும் தன்னார்வலர் மட்டோலின் கரையோரம் நடந்து, பரல்களிடையே புதிதாய்ப் பறித்த குழிகளை எண்ணி வருகின்றனர்.