ஆள் பாதி, ஆடை பாதி என்னும் கணக்கு

'ஆள் பாதி, ஆடை பாதி' என்றொரு பழமொழியை நம்மவர் நா கூசாமல் சொல்லி வருகின்றனர். கணக்கறிந்தோர் இதனைச் சற்றே கூட்டிப் பார்க்க வேண்டும். உடல் பாதி, உடை பாதி என்றால் முழுமை அவ்விரண்டோடு முடிந்து போகிறது. வாய்மை, பொறுமை, ஈகை, கண்ணோட்டம் ஆகியவற்றுக்கு அதில் காலணா இடமும் இல்லை. இத்தகைய கூட்டலை வாழ்க்கை நெறியாய்க் கொண்டதொரு சமுதாயம் பெண் எடுக்கும்போதும், வேலைக்கு ஆள் வைக்கும்போதும், ஏன், தொழுகையில் முன்னிற்க ஓர் இமாமைத் தேர்ந்தெடுக்கும்போதும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை. நாள்தோறும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!

இந்தக் கணக்கை முதலில் விருதுநகரிலேயே போட்டுப் பார்ப்போம். 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அன்றைய விருதுபட்டியில் பிறந்தார் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்திக் கடையில் வேலை பார்த்தவர். கறுத்த மேனி, நெடிய, பருத்த உடல், தொளதொளத்த கதர்ச்சட்டை, சுருக்கமான பேச்சு. 'ஆள் பாதி, ஆடை பாதி' என்று அளப்பவர் கையில் இவர் அகப்பட்டிருந்தால் என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்? அந்த மனிதரே 1954 முதல் 1963 வரை இம்மாநிலத்தின் முதலமைச்சராய் இருந்தார். நேரு மறைந்த 1964இலும், சாஸ்திரி மறைந்த 1966இலும், அடுத்த பிரதமர் யார் என்னும் முடிவை உருவாக்குவதில் முன்னின்றார். (சொந்த ஊர் 1967இல் அவரை ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கச் செய்தது, அது வேறு கதை. ஆனால் அவரைத் தோற்கடித்தவர்களும் அவருடைய நிறத்தையோ சட்டையையோ காரணம் காட்டவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.)

அவர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியதை எல்லோரும் பேசுகின்றனர். அதே ஆட்சியில் பள்ளிச் சீருடை பரவியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்ணும் சோற்றைப் போலவே உடுக்கும் துணியும் ஒரு பிள்ளையை வகுப்பின் கடைசி வரிசைக்குத் தள்ளிவிடும் என்பதை அறிந்த ஏற்பாடு அது. கிழிந்த சட்டைக்காரனை ஒரு கண்ணாலும் பட்டுச் சட்டைக்காரனை மறு கண்ணாலும் பார்ப்பவன் ஆசிரியனே. என் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியாதா? அந்தக் கண்ணுக்குக் கடிவாளம் போட வேண்டியிருந்தது. எல்லோர்க்கும் ஒரே துணி என்றானபின், ஆசிரியன் பிள்ளையின் முகத்தையும் மூளையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் எளிமைக்கும் ஒரு வேடம் உண்டு. காமராசரின் கதர் அவர் காலத்துக்குப் பிறகு ஒரு சீருடையாயிற்று. அவர் உடுத்தியதை உடுத்தியோர் அனைவரும் அவராகிவிடவில்லை. இந்த நோய் அரசியலோடு நிற்கிறதா? நம் பள்ளிவாசல் முற்றத்துக்கும் வந்திருக்கிறது. தாடியின் நீளமும் ஜுப்பாவின் வெண்மையும் தொப்பியின் வகையும் ஒருவரது இறையச்சத்தை அளக்கும் முழக்கோல்களாய் மாறியுள்ளன. தாடி ஸுன்னத்து என்பதில் எனக்கு ஐயமில்லை; நானும் தாடி வைத்தவனே. தாடியைக் கண்டவுடன் கடன் கொடுத்துப் பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வணிகர்களைக் கேட்டுப் பாருங்கள். தாடி செய்த குற்றமன்று அது, தாடியைச் சாட்சியாக ஏற்றுக்கொண்டவர் செய்த குற்றம். கொடுக்கல் வாங்கலில் ஒருவனைப் பார்க்காமல் அவன் நாணயத்துக்குச் சாட்சி சொல்லாதே என்று முன்னோர் வகுத்த இலக்கணம் எங்கே போயிற்று?

இனிச் சிவகாசிக்கு வருவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தனர். அதிலிருந்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என மூன்று தொழில்கள் அவ்வூரில் கிளைத்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் மேலே ஒட்டப் படம் வேண்டியிருந்ததால்தான் அச்சகங்கள் அங்கே பெருகின. ஆக, உள்ளே இருக்கும் மருந்தும் மேலே ஒட்டும் படமும் ஒரே ஊரில் பிறந்தவை. படத்தில் சிவந்த கன்னத்துக் குழந்தையும் நட்சத்திர நடிகையும் சிரிப்பார்கள். வாங்குகிறவர் படத்தைப் பார்த்து வாங்குவார். செய்கிறவர் ஒருபோதும் படத்தை நம்பமாட்டார். மருந்து நமுத்துப் போயிருந்தால் எந்த நடிகையின் முகமும் அந்த வெடியை வெடிக்க வைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அவருக்கு இன்னொன்றும் தெரியும். வாண வேடிக்கையில் செந்நிறம் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. பச்சை நிறம் தந்து வந்தது பேரியம் உப்பு. 2018இல் உச்ச நீதிமன்றம் அதனைப் பட்டாசில் தடை செய்தது. இவ்விரண்டின் நைட்ரேட்டுகளும் பார்வைக்கு வெண்ணிறத் தூள்களே. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் குவித்து வைத்தால் எது சிவப்பு, எது பச்சை என்று கண்ணால் சொல்ல இயலாது. நெருப்பு தொட்ட பிறகே அதனதன் நிறம் வெளியாகும்.

இத்தனை நுட்பம் அறிந்த அந்தத் தொழிலாளியை நாம் எப்படிப் பார்க்கிறோம்? அலுமினியத் தூள் படிந்த கைகளையும் ஈயச் சாயல் ஏறிய சேலையையும் கண்டால் பேருந்தில் சற்று ஒதுங்கி அமர்கிறோம். தீபாவளிக்கு அந்தக் கைகள் செய்த மத்தாப்பு வேண்டும், அந்தக் கைகள் நம்மேல் பட்டுவிடக் கூடாது!

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தை மறந்திருக்க மாட்டீர்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர்; புகை எழுந்ததைக் கண்டு அக்கம்பக்கத்திலிருந்து வந்தவர்கள். வேடிக்கை பார்க்க வந்தவரும் இருந்தனர், உள்ளே சிக்கியவரைத் தூக்க ஓடியவரும் இருந்தனர். இத்தகைய விபத்துகளில் உயிர் தப்பியவர் சிலர் வெந்த முகத்தோடு ஊர் திரும்புகின்றனர். ஊர் அவர்களை முதல் வாரம் அழுது வரவேற்கிறது. அடுத்த மாதத்திலிருந்து குழந்தைகளை அவர்கள் முன் செல்லவிடாமல் உள்ளே அழைத்துக்கொள்கிறது. கடையில் முன்னே நிற்க வைக்க முதலாளிக்கு மனம் வருவதில்லை. சட்டமும் முழுக் கண்ணைத் திறக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளைப் பட்டியலிட்டு, அமிலம் வீசப்பட்டு உருச் சிதைந்தோரை அதில் சேர்த்தது நல்லதே. பட்டாசுத் தீயில் உருச் சிதைந்தோர்க்கு அப்பட்டியலில் தனிப்பெயர் இல்லை.

இவ்வளவு சொன்னால், மார்க்கம் கற்ற சிலரே எழுந்து மறுப்புரைக்கின்றனர். 'அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறான் என்று ஹதீஸ் இருக்கிறதே, அழகு பார்ப்பது குற்றமா?' என்பது அவர்தம் வாதம். ஹதீஸைப் பாதியில் வெட்டிக்கொண்டு வருவது ஆலிம்களுக்கு அழகன்று. நல்ல ஆடையும் நல்ல செருப்பும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவிய இடம் அது. ஆகாது என்று தெளிவித்த பெருமானார் (ஸல்) அவர்கள், அடுத்த மூச்சிலேயே பெருமை என்பது எது என்றும் விளக்கினார்கள்: உண்மையை மறுத்தலும் மனிதரை இழிவாகக் கருதுதலும். உமது செருப்பை அழகாக்க அனுமதி தந்த அதே சொல்தான், அடுத்தவர் செருப்பைக் கண்டு முகம் சுளிக்க உமக்குத் தடை விதிக்கிறது. முதல் பாதியை மேடையில் முழங்கி, மறு பாதியை விழுங்குவது எந்த மதரஸாவில் கற்ற பாடம்?

இன்னொரு வாதமும் வருகிறது. 'மணமுடிக்கும் முன் பெண்ணைப் பார்க்கலாம் என்று நபிமொழி உண்டே.' உண்டு. மணமகன் பார்க்கலாம், இருவர்க்கும் உள்ளம் இசைவதற்காக. பெரியம்மாவும் சித்தியும் மூன்று நாத்திமாரும் கூடத்தில் வட்டமாய் அமர்ந்து, விளக்கைத் தூண்டி நிறத்தை எடை போட்டு, 'மாநிறந்தான்' என்று உதட்டைப் பிதுக்கி எழுவதற்கு எந்த நூலில் அனுமதி இருக்கிறது? ஒரு பெண் செல்வம், குலம், அழகு, மார்க்கம் என்னும் நான்கினால் மணக்கப்படுகிறாள் என்று உலக வழக்கைச் சொல்லி, மார்க்கமுடையவளையே பற்றிக்கொள்க என்று பெருமானார் முடித்தார்கள். நம்மவர் முதல் மூன்றையும் வரிசை மாறாமல் கடைப்பிடித்து, நான்காவதற்கு வரும்போது நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகின்றனர். சிவப்பழகு தருவதாகச் சொல்லி 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த முகப்பூச்சு ஒன்று, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லை நீக்கிவிட்டது. வணிகனுக்கே வெட்கம் வந்த பிறகும் நமக்கு வரவில்லை.

பிலால் (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லாத மீலாது மேடை உண்டா? மேடையிலிருந்து இறங்கியவுடன் அந்தப் பேச்சாளரிடம், பிலாலின் நிறத்தில் ஒரு மருமகன் வந்தால் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள்.

அரபு மொழியில் புற உருவத்துக்கு 'கல்க்' என்று பெயர். அகப் பண்புக்கு 'குலுக்' என்று பெயர். எழுத்துகள் மூன்றும் ஒன்றே. குறியீடு இடாமல் எழுதினால் இரண்டும் ஒரே தோற்றம். வாசிக்கத் தெரிந்தவன்தான் இடம் நோக்கி இரண்டையும் பிரித்தறிவான். அப்படிப் பிரித்தறிந்த காலமும் இருந்தது. தாபியீன்களில் ஒருவரான அதாஃ இப்னு அபீரபாஹ் விடுதலை பெற்ற அடிமைக் குலத்தவர், கரிய நிறத்தவர், ஒரு கண் இல்லை, கால் ஊனம், கை செயலற்றது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். உமையாக்கள் காலத்தில், ஹஜ்ஜுப் பருவத்தில் மக்காவில் அவரன்றி வேறெவரும் ஃபத்வா வழங்கலாகாது என்று முரசறையப்பட்டதாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். கலீஃபாவின் நாட்டு மக்கள் அனைவரும் வரிசையில் நின்று வணக்க முறை கேட்டது அந்த உருவத்திடம்.

பிரித்தறியாத காலமும் வந்தது. பஸராவின் பேரறிஞர் ஜாஹிழுக்குப் பெயரே பிதுங்கிய கண்ணர் என்பதுதான். கலீஃபா முத்தவக்கில் தம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவரை வரவழைத்து, முகத்தைக் கண்டதும் மனம் மாறி, பத்தாயிரம் திர்ஹம் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பர். பணம் கிடைத்தது ஜாஹிழுக்கு. பாடம் கிடைக்காமற் போனது அந்தப் பிள்ளைகளுக்கு.

நம் மஹல்லாக்களில் மணத்தரகர் கையில் ஒரு குறிப்பேடு இருக்கிறது. பெயர், படிப்பு, உயரம், நிறம், நகை எத்தனை பவுன் என்று அதில் கட்டங்கள் உள்ளன. நிக்காஹ் பதிவேடு ஜமாஅத்தின் கையில் இருக்கிறது; நிக்காஹ் ஓதும் வாய் ஆலிம்களாகிய எம்முடையது. நிறத்துக்கும் பவுனுக்கும் கட்டம் போட்ட சீட்டு பள்ளிவாசல் வளாகத்துக்குள் கைமாறக் கூடாது என்று ஒரு தீர்மானம் எழுத எந்த ஜமாஅத்துக்கும் அரசின் அனுமதி தேவையில்லை. பட்டாசுத் தீயில் முகம் வெந்த ஒரு பெண்ணுக்கோ ஆணுக்கோ வரன் தேடும் பொறுப்பை அந்த ஜமாஅத்தே ஏற்பதற்கும் தேவையில்லை. எங்கே முதல் தீர்மானம் நிறைவேறுகிறதோ, அவ்வூருக்கு நிக்காஹ் ஓத நான் சொந்தச் செலவில் வருகிறேன்.