எக்செல் ‘ஆபரேட்டர் வேலை’ இல்லைங்க: ஒரு த்ரெட்

1/ “அது டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் வேலை, நமக்கெதுக்கு?” எக்செல் கத்துக்கச் சொன்னா டாக்டர், நர்ஸ், வாத்தியார், சங்கச் செயலாளர் எல்லாரும் சொல்ற பதில் இதுதான். இந்தப் பதில் தப்பு மட்டுமில்ல, ஆபத்தானது. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ 2020, கொரோனா காலம், இங்கிலாந்து. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரைக்கும் 15,841 பாசிட்டிவ் கேஸ்கள் தினசரிக் கணக்குல வரவே இல்ல. காரணம்? லேப்ல இருந்து வந்த தகவலைப் பழைய வகை எக்செல் ஃபைல்ல ஏத்தியிருக்காங்க. அதுல 65,536 வரிசைக்கு மேல இடமே கிடையாது. மிச்சம் சத்தமில்லாம கீழ விழுந்துடுச்சு.

3/ டெஸ்ட் எடுத்தவங்களுக்கு ரிசல்ட் போயிடுச்சு. ஆனா அவங்க கூடப் பழகினவங்களைத் தேடிப் பிடிக்கிற வேலை தாமதமாச்சு. வைரஸ் காத்துக்கிட்டு இருக்குமா? அதே எக்செல்லோட புது வகை ஃபைல்ல 10,48,576 வரிசை இருக்கு. இந்த ஒரு அடிப்படை விஷயத்துக்கு ஒரு நாடே விலை கொடுத்துச்சு.

4/ “அது பெரிய ஊர் கதை”ங்கிறீங்களா? நம்ம ஊருக்கு வாங்க. மூணு பேருக்குச் சர்க்கரை 180, 200, 220. சராசரி 200. நாலாவது ஆள் வரவே இல்ல. கட்டத்தைக் காலியா விட்டா சராசரி அதே 200 தான். “சும்மா இருக்கட்டும்”னு 0 போட்டா? 150 ஆயிடும்!

5/ யோசிச்சுப் பாருங்க. நோயாளி வராம இருக்க இருக்க, ரிப்போர்ட்ல சர்க்கரை குறைஞ்சுக்கிட்டே வரும். மேல இருக்கிறவங்க “சபாஷ்”னு சொல்லுவாங்க. மாத்திரை இல்லாம வீட்ல கிடக்கிற பாட்டியம்மா அந்த 0-க்குள்ள காணாமப் போயிடுவாங்க. காலி வேற, பூஜ்யம் வேற. இதைப் புரிஞ்சுக்கக் கம்ப்யூட்டர் டிகிரி வேணுமா?

6/ அடுத்தது சார்ட். பேர் இருக்கிற நெடுவரிசையை மட்டும் செலக்ட் பண்ணி, வர்ற எச்சரிக்கையில ‘செலக்ட் பண்ணதை மட்டும் சார்ட் பண்ணு’ங்கிறதைத் தேர்ந்தெடுத்து அமுக்கினா, பேர் மட்டும் அகரவரிசைக்கு மாறும். பக்கத்துல இருக்கிற ரிசல்ட் அசையாது. முருகேசனோட ஹீமோகுளோபின் மீனாட்சிக்குப் போயிடும். பார்க்க லிஸ்ட் சுத்தமா, அழகா இருக்கும். அதான் பயமே.

7/ தேதி? 03/04-னு அடிச்சா நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க செட்டிங்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு மார்ச் 4. ஒரு கர்ப்பிணிக்குப் பிரசவத் தேதி கணக்குப் போடும்போது இந்த ஒரு மாசம் சின்ன விஷயமா? ‘மார்ச்1’ மாதிரி பேர் இருந்த மனித ஜீன்களை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசியில விஞ்ஞானிகள் அந்த ஜீன்களோட பேரையே மாத்திட்டாங்க. நிஜமாத்தான்.

8/ இப்ப என் கோபம் யார் மேலன்னா, எக்செல்னு சொல்லி கலரும் பார்டரும் சொல்லிக் கொடுக்கிற கோர்ஸ்கள் மேல. கட்டங்களை மெர்ஜ் பண்றது, தலைப்பை நடுவுல வைக்கிறது, சர்டிபிகேட் வாங்கிட்டு வீட்டுக்குப் போறது. மெர்ஜ் பண்ண லிஸ்ட்டை ஒழுங்கா சார்ட் பண்ண முடியாதுன்னு அங்க யாருமே சொல்றதில்ல.

9/ “இனிமே ஏஐ பார்த்துக்கும் டாக்டர்.” சரி. நீங்க போட்ட 0 வராத ஆளா, நிஜமான பூஜ்யமான்னு ஏஐ-க்கு யார் சொல்றது? அந்த நோயாளியைப் பார்த்தது நீங்கதானே?

10/ “எங்களுக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல”ன்னு சொல்றவங்களுக்கு: உண்மைதான். ஓபி முடிச்சு நிமிரவே நேரமில்ல. ஆனா மாசக் கடைசியில ரெஜிஸ்டரைப் புரட்டி, கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணிக்கிட்டு ராத்திரி உட்காருறதும் நாமதான். ஒரு கவுண்ட்இஃப் ஃபார்முலா அதை ஒரு நொடியில எண்ணிடும்.

11/ கத்துக்க வேண்டியது இவ்வளவுதான்:
• ஒரு ஆளுக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு நெடுவரிசை.
• எண் இருக்கிற கட்டத்துல எண் மட்டும். “190 மி.கி.”னு அடிச்சா அது எழுத்து, கூட்டாது. அளவை தலைப்புல எழுதுங்க.
• போன் நம்பர், ஆதார் நம்பரை டெக்ஸ்ட்டா வையுங்க. இல்லன்னா முன்னாடி இருக்கிற 0 போயிடும், நீள நம்பர் ஏதோ ‘இ+11’னு தெரியும்.
• சிவப்புக் கலர் அடிச்சா மட்டும் பத்தாது. “வரவில்லை”ன்னு தனி நெடுவரிசையில எழுதுங்க.
• ஃபில்டர், சம், ஆவரேஜ், கவுண்ட்இஃப். இந்த நாலு போதும்.
• எதைச் செய்றதுக்கு முன்னாடியும் ஒரு காப்பி எடுத்து வையுங்க.

12/ காசும் வேண்டாம். லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் ரெண்டும் இலவசம். ரெண்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒதுக்குங்க. உங்க வீட்டு மளிகைக் கணக்கை வெச்சே பழகலாம்.

13/ ஆபரேட்டர் தம்பிக்கு டைப்பிங் தெரியும். அந்த லிஸ்ட்ல எது அபத்தம்னு உங்களுக்குத்தான் தெரியும். ஹீமோகுளோபின் 112-னு இருந்தா அது புள்ளி விட்டுப்போன 11.2-ஆ இருக்கலாம், ரெஜிஸ்டரைப் பாருன்னு சொல்ல வேண்டியது நீங்க. அடுத்த தடவை ஒரு லிஸ்ட் மேசைக்கு வந்தா, கடைசி வரிசை வரைக்கும் போங்க, மொத்தத்தைச் சரிபாருங்க, அப்புறம் பேனாவை எடுங்க. தப்பா இருந்தா பதில் சொல்ல வேண்டியது கீழ கையெழுத்துப் போட்ட ஆள்தான்.